சியாமின் அம்மா பேசும் மொழி: ‘சியாம்ச்சி ஆயி’ – ஒரு மொழிபெயர்ப்பு நோக்கு

சானே குருஜி எனப்படும் பாண்டுரங்க சதாசிவ சானே (1899–1950) எழுதிய ‘சியாம்ச்சி ஆயி’, மராத்தி மொழியில் தாய்மையைப் பற்றி எழுந்த நூல்களுள் மிகப் பரவலாகப் படிக்கப்பட்டதாகும். 1933 பிப்ரவரியில் நாசிக் சிறையில் ஐந்து நாட்களில் எழுதப்பட்ட இந்நூல் 1935இல் வெளிவந்தது. 1953இல் பிரகலாத் கேசவ் அத்ரே இதனைத் திரைப்படமாக்கினார். தேசியத் திரைப்பட விருதுகளின் முதலாண்டில், 1954இல், சிறந்த கதைப்படத்திற்கான குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கம் அப்படத்திற்கே கிடைத்தது. நூலும் படமும் சேர்ந்து மகாராட்டிரத்து வீடுகளில் ஒரு தாயின் உருவத்தை நிலைநிறுத்திவிட்டன. கண்ணீரும் பக்தியும் சூழ்ந்த உருவம் அது. ஆனால் நூல் பரவலாகப் படிக்கப்பட்ட அளவுக்கு நுணுகிப் படிக்கப்படவில்லை எனலாம். மூலத்தில் பேசும் தாய் அந்த உருவத்திற்குள் அடங்குபவள் அல்லள். வேறு இந்திய மொழிக்கு இந்நூலைக் கொண்டுசெல்வோர் முதலில் தீர்க்கவேண்டிய சிக்கல் இதுவே.

நூலின் அமைப்பை நோக்கினால் இது விளங்கும். ஆசிரமத்தில் வாழும் சியாம் என்னும் இளைஞன் தன் நண்பர்களுக்கு இரவுதோறும் தன் தாயைப் பற்றிய நினைவுகளைச் சொல்கிறான். இவ்வாறு 42 இரவுகள் கழிகின்றன. ஆகவே நூலில் இரண்டு குரல்கள் உள்ளன. ஒன்று, கொங்கணக் கிராமத்தில் கடனும் வறுமையும் நெருக்க, பிள்ளைகளை வளர்த்த ஒரு பெண்ணின் குரல். மற்றொன்று, அவளை இழந்து பல்லாண்டுகள் ஆனபின் அவளை நினைந்து உருகும் மகனின் குரல். கண்ணீர் பெரும்பாலும் இரண்டாம் குரலுக்கு உரியது. முதற்குரல் சுருக்கமானது, காரியத்தோடு ஒட்டியது, சில வேளைகளில் கடுமையானது. இவ்விரண்டையும் ஒரே நடையில் பெயர்த்துவிட்டால் பிள்ளை வளர்த்த தாய் மறைந்து, வழிபடப்படும் அன்னை மட்டுமே எஞ்சுவாள்.

தலைப்பிலேயே தேர்வு தொடங்கிவிடுகிறது. மராத்தியில் ‘ஆயி’ என்பது விளிச்சொல்லாகவும் சுட்டுச்சொல்லாகவும் ஒருங்கே வழங்குகிறது. ‘மாதா’ என்பது தனியே உயர்வழக்காக நிற்கிறது. தமிழில் ‘தாய்’ என்று யாரும் விளிப்பதில்லை. ‘அன்னை’ இன்று மேடைக்கும் வாழ்த்துக்கும் உரிய சொல்லாகிவிட்டது. ‘ஆயி’ என்னும் சொல் தமிழிலும் உண்டே, அதனையே வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றலாம். ஆனால் தமிழில் அது ஊர்த்தெய்வத்தையோ கிழவியையோ நினைவூட்டும்; குழந்தைப் பேச்சில் அதற்குள்ள வேறொரு பொருளை இங்கு விளக்கவேண்டியதில்லை. எஞ்சுவது ‘அம்மா’. ‘சியாமின் தாய்’ என்பது ஓர் ஆவணக் குறிப்புப்போல் ஒலிக்க, ‘சியாமின் அம்மா’ என்பதில் அடுத்த வீட்டார் அவளைச் சுட்டும் தொனியும் சேர்ந்து வருகிறது. மராத்தித் தலைப்பின் தொனியும் அதுவே.

இதனினும் நுட்பமானது வினைமுற்று. மூலத்தில் தாயைக் குறிக்கும் வினை பெண்பால் ஒருமையில் வருகிறது. தந்தையைக் குறிக்கும் ‘வடீல்’ என்னும் சொல்லோ மதிப்புப் பன்மையில் வினைகொள்கிறது. மகன் தாயை ‘தூ’ என ஒருமையில் விளிக்கிறான். மராத்திக் குடும்பங்களின் பொதுவழக்கு இது. தமிழ் வீடுகள் பலவற்றிலும் இதே வழக்கு உண்டு: அம்மாவுக்கு ‘நீ’, அப்பாவுக்கு ‘நீங்கள்’. எனவே மொழிபெயர்ப்பாளர் புதிதாக எதையும் படைக்கவேண்டியதில்லை. ஆயினும் அண்மைக்கால எழுத்துத் தமிழ், குறிப்பாகப் பாடநூல் தமிழ், இருபாலார்க்கும் மதிப்பு வேண்டி ‘அம்மா கூறினார்’ என்றே எழுதப் பழகியிருக்கிறது. இது நல்லெண்ணத்தில் எழுந்த வழக்கு என்பதில் ஐயமில்லை. எனினும் இந்நூலில் அதனைக் கையாண்டால் இரண்டு இழப்புகள் நேரும். தாயிடம் நெருக்கமும் தந்தையிடம் விலகலும் என்னும் குடும்ப இலக்கணம் அழிந்துபோகும். மேலும், அடிக்கும் உரிமையும் அணைக்கும் உரிமையும் ஒரே ஒருமை விகுதிக்குள் அடங்கியிருப்பது வாசகருக்குத் தெரியாமல் போகும். ‘சொன்னாள்’ என்பது இங்கு மதிப்புக்குறைவு அன்று. அது மகன் அவளுக்குத் தரும் மிக அணுக்கமான இடம்.

தாயின் குரலை அறிய நீச்சல் நிகழ்ச்சி நல்ல சான்று. மழைக்காலத்தில் கொங்கணத்துக் கிணறுகள் நிரம்பி நிற்கும்; ஊர்ச் சிறுவர்கள் அப்போது நீச்சல் கற்பர். சியாம் அஞ்சிப் பரண்மேல் ஒளிந்துகொள்கிறான். தாய் அவனை இறக்கி, மெல்லிய குச்சியால் அடித்து, கிணற்றுக்கு அனுப்புகிறாள். அவன் நீந்திவிட்டுத் திரும்பும்போது அவனுக்காகத் தயிர் வைத்திருக்கிறாள். அடித்த தழும்பைக் கண்டு வருந்துகிறாள். தன் மகனைக் கோழை என்று ஊரார் சொன்னால் அதனைத் தன்னால் தாங்க இயலாது என்பதே அவள் தரும் விளக்கம். மூலத்தில் அடிக்கும் கருவிக்கு வரும் சொல் ‘சிம்ப்டி’. இதனைப் ‘பிரம்பு’ எனப் பெயர்ப்பது எளிது, ஆனால் பிழை. பிரம்பு பள்ளிக்கூடத்தினது, ஆசிரியரின் அதிகாரம் அதில் உண்டு. வேலியிலோ மரத்திலோ அப்போதைக்கு ஒடித்துக்கொள்ளும் குச்சிக்குத் தமிழில் ‘விளார்’ என்னும் சொல் இருக்கிறது. வீட்டுக் கோபத்தின் அளவும் ஆயுளும் அச்சொல்லில் உள்ளன. பிள்ளையை அடித்து வளர்ப்பதை இன்றைய வாசகர் ஏற்கமாட்டார், ஏற்கவும் வேண்டியதில்லை. ஆனால் அடியை மென்மையாக்கிப் பெயர்த்தால் அதன்பின் வரும் தயிருக்கும் பொருளில்லாமல் போய்விடும்.

இங்கு ஒரு தமிழ்த் தொடர்பைக் குறிப்பிடுவது பொருந்தும். சானே 1930இல் திருச்சிராப்பள்ளிச் சிறையில் வைக்கப்பட்டிருந்தபோது தமிழ் கற்றுத் திருக்குறளை மராத்தியில் பெயர்த்தவர். மக்கட்பேறு அதிகாரத்தில் மகனைப் பற்றிப் பிறர் சொல்லும் சொல்லைக் கேட்டு மகிழும் தாய் வருகிறாள். சியாமின் தாயோ மகனைப் பற்றிப் பிறர் சொல்லக்கூடிய சொல்லைக் கேட்க நேருமோ என்று அஞ்சி முன்கூட்டியே விளாரை எடுக்கிறாள். ஒன்று மற்றொன்றின் தாக்கம் என்று சொல்லிவிட முடியாது. ஊரார் வாய்ச்சொல்லுக்கு எல்லா ஊர்த் தாயரும் செவிகொடுத்தே வாழ்கின்றனர். ஆயினும் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கையில் சியாமின் தாயினது நிலையின் நெருக்கடி மிகுதியாகத் தெரிகிறது. அவளிடம் மகனுக்குத் தருவதற்குச் சொத்தில்லை. அஞ்சாமையை மட்டுமே சேர்த்துவைக்க முடியும்.

நூலில் மிகுதியும் எடுத்தாளப்படுவது கால் கழுவும் நிகழ்ச்சி. குளித்து முடித்த சிறுவன் ஈரக் காலில் மண் ஒட்டும் என்று அடம்பிடித்து, தாயின் சேலையைக் கல்லின்மேல் விரிக்கச் சொல்கிறான். அவளும் விரிக்கிறாள். பாதத்தில் அழுக்குப் படாமல் காப்பதுபோல் மனத்திலும் அழுக்குப் படாமல் காத்துக்கொள் என்னும் கருத்துப்பட அப்போது அவள் சொல்லும் சொல்லே இந்நூலின் அடையாளமாகிவிட்டது. அவள் விரிப்பது ‘ஓச்சே’ எனப்படும் பகுதி; அதாவது ஒன்பது கெசச் சேலையை உடுத்தும்போது முன்னே மடித்துச் செருகும் பகுதி. மொழிபெயர்ப்பாளரின் கை இங்குத் தானே ‘முந்தானை’யை நோக்கி நீளும். மராத்தியில் முந்தானைக்கு ‘பதர்’ என்னும் தனிச்சொல் உண்டு. தாய்மையின் வழக்கமான படிமமும் அதுவே. மூலம் அதனை விடுத்து வேலைக்காரச் சேலையின் ஒரு மூலையையே எடுக்கிறது. தமிழில் ‘கொசுவம்’ என்றோ ‘மடி’ என்றோ சொல்லலாம். ‘மடி’ என்பதற்குத் தமிழில் தூய்மை, அமரும் மடி என வேறு பொருள்களும் இருத்தலின் ‘கொசுவம்’ சிறக்கும். அழகு குறையலாம், ஆனால் சரியான சொல் அதுவே. இந்த இரவின் கதைக்குக் கண்ணீர் என்னும் சொல் அமைந்த தலைப்பைச் சூட்டியவன் வளர்ந்த சியாம் என்பதையும் மறத்தல் கூடாது. அவள் பேசியது துவைகல்லின் அருகே, ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் இடையில்.

தையல் இலை நிகழ்ச்சியும் உப்பில்லாக் கறி நிகழ்ச்சியும் இத்தகையனவே. தன் இலையைத் தைக்கத் தெரியாத சிறுவன் வீட்டின் கண்டிப்புக்கு ஆளாகி அக்காளிடம் கற்றுக்கொள்கிறான். மறதியாக உப்பிடாத கறியைத் தந்தை ஒன்றும் சொல்லாமல் உண்டு எழ, கடைசியாக உண்ணும் தாய் அதனை அறிந்து நோகிறாள். தமிழ் வாசகருக்கு விளக்கக் குறிப்பே தேவைப்படாத பகுதிகள் இவை.

கலைச்சொல்போல் நூலெங்கும் பின்னணியில் நிற்பது ‘சம்ஸ்கார்’ என்னும் கருத்து. தமிழில் ‘சம்ஸ்காரம்’ என்று வைத்தால் ஈமச்சடங்கே முதலில் நினைவுக்கு வரும். ‘பண்பாடு’ என்பது சமூகத்தைச் சுட்டும் பெரிய சொல். பேச்சுத் தமிழ் இதற்கு வைத்திருக்கும் சொல் ‘வளர்ப்பு’. ‘வளர்ப்புச் சரியில்லை’ என்று ஊரார் சொல்லும் வசையில் அதன் முழுப்பொருளும் இருக்கிறது. மராத்தியில் பிள்ளைகளைப் பழக்குவதற்கு ‘வளண்’ என்னும் மற்றொரு சொல்லும் வழங்குகிறது. சாலையின் வளைவு, கையெழுத்தின் அமைப்பு, நல்ல பழக்கம் ஆகிய மூன்றையும் அது குறிக்கும். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்னும் தமிழ்ப் பழமொழியின் வினையும் இதே உருவகத்தையே தாங்கி நிற்கிறது. ஒலி ஒப்புமையைக் கொண்டு உறவு கற்பித்தல் ஆகாது. ஆனால் உருவகம் ஒன்றே என்பதால் ‘வளையப் பழக்குதல்’ என்னும் தொடரை மொழிபெயர்ப்பில் தயங்காமல் பயன்படுத்தலாம். இத்தாய் வளர்ப்பது முறியாமல் வளையும் பிள்ளைகளை. வெளியூரில் வறுமையோடு படிக்க நேர்ந்த சியாம் அங்கு நிற்க முடிந்தது இதனால்தான்.

இவ்வாறு சொல்வதால் நூலில் குறையே இல்லை என்றாகாது. சில இரவுகளில் தாயின் வாயிலும் உபதேசம் நீள்கிறது. கதைசொல்லியின் குரல் அவள் பேச்சுக்குள் கசிந்துவிட்ட இடங்கள் அவை. சிறையில் ஐந்து நாட்களில் எழுதியவரிடம் இதனைக் குற்றமாகச் சொல்வதற்கில்லை. ஆனால் மொழிபெயர்ப்பாளர் அதனை மேலும் பெருக்கவேண்டியதில்லை. மேடைத்தமிழ் இத்தகைய இடங்களுக்கு எளிதில் வந்து பொருந்திக்கொள்ளும் என்பதே ஆபத்து.

கடினமான இடம் ஒன்று உண்டு. தாழ்த்தப்பட்ட மூதாட்டி ஒருத்தி விறகுச் சுமையைத் தலையில் ஏற்ற இயலாது தவிக்கிறாள். அதனைக் கண்ட தாய், மகனை அனுப்பித் தூக்கிவிடச் சொல்கிறாள். பின்பு வந்து குளிக்கவும் சொல்கிறாள். இரக்கமும் தீண்டாமையும் ஒரே மூச்சில் வருகின்றன. அவள் தன் காலத்து வேலியைத் தாண்டவில்லை. மகனின் கையை மட்டும் வேலிக்கு அப்பால் நீட்டச் செய்தாள். அந்த மகனே 1947 மே மாதத்தில் பண்டரிபுரம் விட்டலர் கோயிலில் தாழ்த்தப்பட்டோர் நுழைவுக்காக உண்ணாநோன்பு இருந்தார் என்பது பின்னாளைய வரலாறு. அவ்வரலாற்றை அறிந்த மொழிபெயர்ப்பாளருக்குக் குளியலை விட்டுவிடவோ மழுப்பவோ தோன்றும். ‘நீராடி வா’ என்று எழுதினால் அது நாள்தோறும் செய்யும் தூய்மையாகிவிடும். ‘தலைமுழுகி உள்ளே வா’ என்று எழுதினால் தீட்டு வெளிப்படையாகத் தெரியும். தாயும் அதே அளவுக்குக் குறைந்து தெரிவாள். எழுதவேண்டியது இரண்டாவதையே.