‘நமக்கு வேணாம்’: பழைய கணினி வீடியோக்களும் அவை கட்டும் பார்வையாளரும்

பழைய கணினிகளையும் கைபேசிகளையும் திறந்து காட்டும் வீடியோக்களில் தொழில்நுட்பம் எவ்வளவு இருக்கலாம் என்ற விவாதம் பெரும்பாலும் சமையற்கட்டு விவாதமாகவே முடிகிறது. உப்பு கூடிப்போச்சு, காரம் கம்மி. அளவு சரியானால் எல்லாம் சரியாகிவிடும் என்கிற நம்பிக்கை இதன் அடியில் கிடக்கிறது. எனக்கு இந்த நம்பிக்கை உடைந்தது ஒரு சொல்லில்: ‘நமக்கு’.

வாலாஜாபாத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நானும் அண்ணியும் நோக்கியா 1100 பற்றிய ஒரு தமிழ் வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். (அது கைபேசிதானே, கணினியில் சேருமா என்பவர்களுக்கு: செயலியும் நினைவகமும் நிரலும் உள்ளது எதுவும் கணினிதான். நம் பக்கத்தில் பலர் முதன்முதலில் கையில் பிடித்த கணினி அதுதான்.) டார்ச் லைட், பாம்பு விளையாட்டு, கீழே போட்டாலும் உடையாத உடம்பு என்று பழைய நினைவு வழிந்தோடியது. பிறகு பேட்டரியைக் கழற்றினார். உள்ளே தங்க நிறத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள். ‘இதெல்லாம் டெக்னிக்கல், நமக்கு வேணாம்’ என்று மூடிவிட்டார்.

அண்ணி சிரித்தார். ‘அங்கதான் தம்பி நாங்க ஊசி வெப்போம்.’

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2006இல் உற்பத்தியைத் தொடங்கி 2014 நவம்பர் 1 அன்று நின்றது. அங்கே சில ஆண்டுகள் டெஸ்டிங் பகுதியில் இருந்தவர் அண்ணி. அவர் கைபட்டவை வேறு மாடல்கள். புள்ளிகளின் வேலை ஒன்றே. ஸ்பிரிங் வைத்த ஊசிகள் அவற்றை அழுத்தும். அந்த வழியாகத்தான் மென்பொருள் உள்ளே ஏறும், சோதனை நடக்கும்.

தமிழ் இலக்கணம் படித்தவனுக்கு இந்த இரண்டு வாக்கியங்கள் போதும். ‘நாம்’ என்பது எதிரில் இருப்பவரையும் சேர்த்துக்கொள்ளும் உளப்பாட்டுத் தன்மைப் பன்மை, ‘நாங்கள்’ சேர்க்காது. வீடியோக்காரர் அண்ணியைத் தன்னோடு சேர்த்து ‘நமக்கு’ என்கிறார். சேர்த்த கையோடு, அவர் கையறிந்த ஒன்றை அவருக்கே வேண்டாததாக்கிவிடுகிறார். அண்ணி ‘நாங்க’ என்று விலகிக்கொள்கிறார். எளிமை என்ற பெயரில் இந்தப் பிரதி கட்டும் பார்வையாளர் ஒரு நுகர்வோர்: வாங்கியவர், விளையாடியவர், நினைத்து உருகுகிறவர். செய்தவருக்கு அதில் இடம் இல்லை. ஒரகடத்துக்கு ஷிப்டு பஸ்கள் விடியற்காலையிலேயே கிளம்புகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு இதைச் சின்ன விஷயம் என்று என்னால் தள்ள முடியவில்லை.

எவ்வளவு விளக்குவது என்பது தமிழுக்குப் புதிய கேள்வியுமல்ல. நன்னூல் பாயிரம் உரையைக் காண்டிகை, விருத்தி என்று பிரிக்கிறது. காண்டிகை சுருக்கம். விருத்தி விரிவு, சூத்திரத்தில் சொல்லப்படாத, ஆனால் வேண்டிய பொருளையும் கொண்டுவந்து பேசுவது. எம்.ஏ. வகுப்பில் மனப்பாடம் செய்தபோது கண்ணில் படாதது இப்போது படுகிறது: காண்டிகையும் சொல்லுக்குப் பொருள் சொல்லியாக வேண்டும், காட்டுத் தர வேண்டும், வினா எழுப்பி விடை கூறுவதும் உண்டு. சுருக்கலாம், தாண்டிப்போக உரிமை இல்லை. (அதே பாயிரம் மாணாக்கரை ஆடு, எருமை, ஓட்டைக்குடம் என்றும் தரம் பிரிக்கிறது. வீடியோக்காரர்கள் பலர் இந்தப் பகுதியை மட்டும் படிக்காமலே பின்பற்றுகிறார்கள்.)

எதிர்த் திசையில் இன்னொரு போலி இருக்கிறது: எண்களை ஒப்பிப்பது. 1984-85இல் மத்திய அரசு தொடங்கிய ‘கிளாஸ்’ திட்டத்தின் வழியாக இந்தியப் பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கணினிகள் வந்தன. அதைப் பற்றிப் பேசுகிறவர் 6502 செயலி, 2 மெகாஹெர்ட்ஸ், 32 கேபி என்று அடுக்கிவிட்டு, ‘இன்னிக்கு ஒரு போட்டோகூட இதுல அடங்காது’ என்று சிரிப்பார். இதற்கு டெக்னிக்கல் என்று பெயரும் கிடைத்துவிடுகிறது. ஆனால் அந்த 32 கேபியில், சில காட்சி முறைகளில், திரைக்கு மட்டுமே 20 கேபி போய்விடும். எழுத்தும் கட்டப் படமும் காட்டுகிற டெலிடெக்ஸ்ட் முறைக்கு 1 கேபி போதும். நுணுக்கமான படம் வேண்டுமா, நிரலைச் சுருக்கு. நிரல் பெரிதா, படத்தை விடு. இந்த இழுபறியைச் சொல்லும்போதுதான் 32 என்கிற எண்ணுக்குள்ளிருந்து இயந்திரம் வெளியே வருகிறது. சொல்வதற்குப் பெரிய கலைச்சொல் எதுவும் தேவைப்படவில்லை என்பதையும் கவனிக்கலாம்.

அதே 6502ஐ வைத்துக் கணினி கட்டிக்காட்டும் ஒரு தொடரை அமெரிக்கரான பென் ஈட்டர் 2019இல் தொடங்கினார். முதலில் நினைவகமே கிடையாது. செயலி எப்போது எதைப் படித்தாலும் ‘ஒன்றும் செய்யாதே’ என்கிற கட்டளையே கிடைக்கும்படி தரவுக் கம்பிகளில் மின்தடைகளை மாட்டிவிடுகிறார். முகவரிக் கம்பிகள் சிலவற்றில் சின்ன விளக்குகள். பிறகு துடிப்புகளை மெதுவாகக் கொடுக்கிறார். ஒன்றும் செய்ய வேண்டாத செயலி, அடுத்த கட்டளையைத் தேடி அடுத்த முகவரிக்குப் போகிறது, மறுபடி அடுத்ததற்கு. அண்ணிக்கு அந்த ஆங்கிலம் பிடிபடவில்லை. விளக்குகளைப் பார்த்து, ‘எண்ணுது பாரு’ என்றார். சரியாகச் சொன்னார். முகவரி என்ற சொல் இதற்குப் பின்னால் வந்தால் அதற்கு உட்கார இடம் இருக்கிறது.

நான் அந்தத் தொடரில் பின்னால் வரும் நேர வரைபடங்களில் மாட்டிக்கொண்டேன். மூன்று முறை நிறுத்திப் பார்த்து, கடைசியில் விட்டுவிட்டேன். அதில் எனக்கு அவமானம் தோன்றவில்லை. பின்தங்கிப்போவது வேறு, வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுவது வேறு.

சுஜாதாவை இழுக்காமல் தமிழில் இதைப் பேச முடியாது. பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளர். ஜூனியர் விகடனில் ‘ஏன்? எதற்கு? எப்படி?’ என்று ஒரு தலைமுறைக்கு அறிவியல் சொன்னவர். அவருடைய குறும்பைப் பலரும் எடுத்துக்கொண்டார்கள், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் ஒழுங்கை விட்டுவிட்டார்கள். அவர் மனதில் இருந்த வாசகர் கையிலும் ஸ்க்ரூடிரைவர் இருக்கவில்லை என்றே எனக்குப் படுகிறது. அது தனியாக எழுத வேண்டியது.

அந்தப் புள்ளிகளைப் பற்றி ஒரு வீடியோ எடுத்தால் என்ன சொல்வீங்க அண்ணி என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். ‘ஊசி தேஞ்சுபோச்சுன்னா நல்ல போனும் ஃபெயில்னு வரும். மொத தடவ செவப்பு வந்தா உடனே தள்ளக் கூடாது, எடுத்து மறுபடி வெக்கணும். வரிசையா நாலஞ்சு போன் விழுந்துச்சுன்னா குத்தம் போன்ல இல்ல, ஊசில.’ பிறகு, ‘இத யாரு தம்பி பாப்பாங்க?’ என்றார். நான் பதில் யோசிப்பதற்குள் காலண்டர் தாளைக் கிழித்துத் திருப்பி, ஊசிகள் நிற்கும் வரிசையை வரைய ஆரம்பித்திருந்தார்.