விடிய விடிய ஓடும் கருவி

ஆத்தூர் வட்டாரத்துக் கூத்து இரவு பத்து மணிக்கு மேல்தான் களை கட்டும். மங்களம் பாடும்போது பொழுது விடிந்திருக்கும். கையடக்க ஒலிப்பதிவுக் கருவிக்கு இதைவிடக் கடுமையான தேர்வு கிடையாது என்பேன். சபாக் கச்சேரியில் சமர்த்தாக ஓடும் கருவிகள் பல, இங்கே நடுச்சாமத்துக்குள் திணறிவிடும்.

கோமாளி கூட்டத்தோடு தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருப்பார். அடுத்த நொடி திரைக்குப் பின்னிருந்து வேஷக்காரர் குரலெடுக்க, முகவீணை உச்சிக்கு ஏற, மிருதங்கமும் தாளமும் சேர்ந்துகொள்ளும். கைப்பேசி இந்த ஏற்ற இறக்கத்தைத் தானாகவே சமன்செய்யப் பார்க்கும். மிருதங்கத்தில் பலத்த அடி விழுந்தால் மொத்த ஒலியையும் அமுக்கும். அடி ஓய்ந்ததும் மெல்ல உயர்த்தும். கேட்டுப் பார்த்தால், முகவீணைக்காரர் அடிக்கொருதரம் எழுந்து தூரப் போய் வருவதுபோல இருக்கும். ஆகவே ஒலி அளவைக் கையால் வைத்துப் பூட்டக்கூடிய கருவியே வேண்டும். 24 பிட் பதிவில் உச்ச ஒலி மைனஸ் 18 டெசிபல் அருகே நிற்கட்டும். இரவு முற்ற முற்றக் கலைஞர்களின் குரல் ஏறிக்கொண்டே போகும். அதற்கு இடம் விட்டுவைக்க வேண்டும்.

2007இல் வந்த சோனி பிசிஎம்-டி50ஐ நான் இன்றும் கொண்டாடுவதற்குக் காரணம் இருக்கிறது. அதன் லிமிட்டர் ஒலியை நசுக்குவதில்லை. 20 டெசிபல் தாழ்த்திய இன்னொரு பிரதியைக் கூடவே வைத்திருந்து, உச்சம் உடைந்த இடத்தில் மட்டும் அதை எடுத்துப் பொருத்துகிறது. இசையைக் காதால் கேட்டவர் யோசித்த யோசனை அது. அளவைத் திருகும் சக்கரமும் இருட்டில் விரலுக்கு உடனே அகப்படும். இன்றைய 32 பிட் ஃப்ளோட் கருவிகளில், 2022இன் ஜூம் எஃப்3 போன்றவற்றில், அந்தச் சக்கரத்துக்கே வேலையில்லை. எண்களில் உச்சம் உடையாது. ஆனால் மைக்கே தாங்காமல் திணறினால் அந்தக் கணக்கும் காப்பாற்றாது. மிருதங்கத்துக்கு மிக நெருக்கமாகக் கருவியை வைப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

காற்றும் நெடுஞ்சாலை லாரிகளும் எழுப்பும் உறுமலை அடக்க, அடியொலியை வெட்டும் பொத்தான் உண்டு. அதை 80 ஹெர்ட்ஸில் நிறுத்துங்கள். 150க்கு மேல் ஏற்றினால் லாரியோடு சேர்ந்து மிருதங்கத் தொப்பியின் கும்காரமும் போய்விடும். அது இல்லாத மிருதங்கம் வெறும் தட்டல்தான். கருவியின் சொந்த இரைச்சலைப் பற்றிக் கூத்துக்குக் கவலை வேண்டாம். ஜெனரேட்டரும் கூட்டமும் அதை மூடிவிடும். வீட்டுத் திண்ணையில் ஒரு பாட்டியின் தாலாட்டைப் பதிவுசெய்யும்போதுதான் அந்தக் குறை காதில் உறுத்தும்.

1960களின் ஊஹர் கருவியில் ஐந்து அங்குல நாடாச் சுருளை நல்ல தரத்துக்குரிய வேகத்தில் ஓட்டினால் அரை மணி நேரம்கூட வராது. பின்னால் வந்த கேசட்டிலும் ஒரு பக்கத்துக்கு 45 நிமிடமே. விருத்தம் நடுவில் அறுபட்டே தீரும். இன்று 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் ஸ்டீரியோ பதிவு மணிக்குச் சுமார் 1 ஜிபி எடுக்கும். முழு இரவும் 16 ஜிபி அட்டையில் அடங்கும். ஆனாலும் பல கருவிகள் 2 அல்லது 4 ஜிபி ஆனதும் கோப்பை முடித்து அடுத்ததைத் தொடங்கும். அந்த இணைப்பில் ஒரு தட்டுக்கூட விடுபடாமல் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

உள்ளே பொதித்த பேட்டரியில் எனக்கு நம்பிக்கையில்லை. சில ஆண்டுகளில் அது சோர்ந்துபோகும். பென்சில் பேட்டரி எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். மின்சாரம் திடீரென்று நின்றால் அதுவரை பதிவானதைக் காப்பாற்றும் கருவியும் உண்டு, திறக்கவே முடியாத கோப்பைக் கையில் தரும் கருவியும் உண்டு. வீட்டில் ஒரு மணி நேரம் ஓடவிட்டு, நடுவில் பேட்டரியைப் பிடுங்கிப் பாருங்கள். விலைப்பட்டியல் சொல்லாத குணம் அப்போது தெரியும்.

கையில் ஓரளவு பணம் இருந்தால், விலையுயர்ந்த ஒன்றைவிட எளிய இரண்டையே வாங்கச் சொல்வேன். ஒன்று பின்பாட்டுக்காரர்களின் பக்கத்தில், பெஞ்சின் அதிர்வு ஏறாதபடி தனித் தாங்கியில். மற்றொன்று குழாய் ஒலிபெருக்கியிலிருந்து விலகி, கூட்டத்தின் ஓரத்தில். தாளத்தின் முதல் தட்டைக் கொண்டு இரண்டையும் பொருத்தலாம். எட்டு மணி நேரத்தில் இரு கருவிகளின் கடிகாரமும் கொஞ்சம் விலகிப்போகும் என்பதால், கட்டத்துக்குக் கட்டம் திரும்பப் பொருத்திக்கொள்ள வேண்டியிருக்கும்.