பழைய பிரதிக்கு ஒரு மரியாதை

2001-இல் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அமைப்பு தொடங்கப்பெற்ற திருவனந்தபுரத்தில், ஆரியசாலைக் கடைத்தெரு வியாபாரி ஒருவர் தம் கணினியில் டெபியன் இயக்குதளத்தை நிறுவி, அச்சுப்பொறிக்கென அமைப்புக் கோப்பில் தம் கைப்படச் சில வரிகளைத் திருத்தியிருப்பாராயின், மென்பொருள் பொதியைப் புதுப்பிக்கும் வேளையில் அவ்வரிகள் நாசமாகாமல் காக்கும் டிபிகேஜி என்னும் கருவியின் விவேகத்தை வியவாதிருக்க இயலாது.

முன்பு வழங்கிய கோப்பு, இப்போது வட்டில் உள்ளது, புதிதாக வந்தது ஆகிய மூன்றையும் எம்.டி.5 என்னும் சரிபார்ப்பு முத்திரைகளால் ஒப்பிட்டு, உரியவர் கைவைக்காததை அது மௌனமாக மாற்றிவிடுகிறது; அவரும் திருத்தி, பொதியை ஆக்கியோரும் திருத்தியிருந்தால் மட்டுமே நின்று அபிப்பிராயம் கேட்கிறது. அதற்கு ‘டி’ என்று விடையளித்தால் இரண்டுக்குமுள்ள பேதங்களைக் காட்டும். வெறுமனே என்டர் தட்டினால் பழையதே நிலைக்க, புதியது ‘டிபிகேஜி-டிஸ்ட்’ என்னும் பின்னொட்டுடன் பக்கத்தில் இருக்கும். புதியதை ஏற்றாலோ, பழையது ‘டிபிகேஜி-ஓல்டு’ என்று பத்திரமாகத் தங்கும்.

மனிதன் உழைப்பை அவன் சம்மதமின்றி அழிக்காத இந்தத் தர்மம், இயந்திரத்துக்கு நாம் கற்பித்த உத்தமமான பண்புகளுள் ஒன்று.