சூசோவைச் சைக்கிளில் பார்க்க வேண்டும்

சீனாவிலுள்ள சூசோவின் பழைய நகரில் தெருவும் கால்வாயும் பெரும்பாலும் ஜோடியாகவே ஓடுகின்றன. கால்வாயோர வீடுகளுக்கு முன்வாசல் தெருவைப் பார்த்து, பின்படி தண்ணீருக்குள். 1229-இல் இந்நகரைக் கல்லில் செதுக்கிய பிங்ஜியாங் வரைபடம் இன்றும் இவ்வூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதிலுள்ள தெருக்கட்டம் இன்னும் பெரிதாகக் கலையவில்லை.

மொழி முழுதாய் வசப்படாமல் இங்கே குடியிருக்கும் என்னைப் போன்ற வெளிநாட்டுக்காரனுக்குக் கால்வாய்தான் வழிகாட்டி. கரையை விடாமல் சைக்கிள் மிதித்தால் எப்படியும் ஒரு பாலம் வந்துவிடும். படகு போக உயர்த்திக் கட்டிய பழைய கல்பாலங்களில் படிகள் உண்டு. இறங்கித் தள்ளத்தான் வேண்டும். மூச்சு வாங்க உச்சியில் நின்றால் வெள்ளைச் சுவர், கறுத்த ஓடு, கீழே துடுப்புப் படகு.

பிங்ஜியாங் தெருவில் விடுமுறைக் கூட்டம் நெருக்கும். பக்கத்துச் சந்தில் திரும்பினால் துணி காய்கிறது, யாரோ கீரை ஆய்கிறார்கள். பெரிய சாலைகளில் சத்தமில்லாமல் பின்னால் வரும் மின்ஸ்கூட்டர்களிடம் மட்டும் கவனம் வேண்டும்.

தென்மேற்கு மூலையில் பான்மென் கோட்டைவாயில். மனிதருக்கு ஒரு வாசல், படகுக்கு ஒரு வாசல், அடுத்தடுத்து. தண்ணீரையும் தெருவாகவே எண்ணிக் கட்டிய ஊர் இது என்பது, அதுவரை மிதித்து வந்தவருக்குச் சொல்லாமலே விளங்கும்.