கண்ணாடியில் மேயும் மீன்கள்

நன்னீர் மீன்தொட்டியில் ஒளி விழும் இடமெல்லாம், மீன்களின் கழிவிலிருந்து நீரில் கரையும் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் உண்டு பாசி படர்கிறது. அதை அகற்றுவதற்காகவே சில மீன்களை வாங்கி விடுவதும், கண்ணாடி தெளிந்தபின் அவற்றை மறந்துவிடுவதும் பொதுவான வழக்கம். ஆனால் வளர்ப்பில் தேர்ந்த சுவைஞர்கள் பாசியை மேய்ச்சல் நிலமாகவும், அதில் மேயும் மீனைத் தொட்டியின் முதன்மையான அழகாகவும் கொள்வர். அவர்களது நோக்கில், ஒரு மீன் தன் இயல்பான உணவைத் தானே தேடி உண்ணும் காட்சிக்கு வண்ண மீன்களின் பகட்டு ஈடாகாது.

இந்தக் காட்சியைக் கண்ணாடித் தொட்டியே சாத்தியமாக்குகிறது. ஓடையில் கல்லைப் பற்றி மேயும் மீனின் முதுகை மட்டுமே கரையில் நிற்பவர் காண இயலும். தொட்டியிலோ அதே மீன் கண்ணாடியில் ஒட்டும்போது, அதன் வாய் முழுவதும் பார்ப்பவரை நோக்கி விரிகிறது. தென் அமெரிக்காவைச் சேர்ந்த லோரிகாரிடே என்னும் கெளுத்திக் குடும்பத்தில், செதில்களுக்கு மாறாக எலும்புத் தகடுகள் உடலைப் போர்த்தியிருக்க, தலையின் அடிப்புறத்தில் வட்டமான உறிஞ்சுவாய் அமைந்துள்ளது. உதடுகள் பரப்பைப் பற்றிக்கொள்ள, வரிசையாக நிற்கும் நுண்பற்கள் முன்னும் பின்னும் அசைந்து பாசியைச் சுரண்டுகின்றன. இக்குடும்பத்து மீன்கள் பலவற்றின் கண்ணில், ஒளி மிகும்போது விரிந்து கருமணியை மறைத்து, இருளில் சுருங்கிவிடும் ஒரு சிறு மடலும் உண்டு. மாலையில் விளக்கு அணைவதற்கு முன்னும் பின்னும் உற்று நோக்குவோர்க்கு அந்த மாற்றம் புலப்படும்.

இக்குடும்பத்தில் சுவைஞர்கள் முதலிடம் தருவது ஓட்டோசிங்க்ளஸ் என்னும் சிறுமீனுக்கு. நான்கு சென்டிமீட்டர் அளவே வளரும் இது, மெல்லிய இலையின் மீதும் அதைக் கிழிக்காமல் மேயவல்லது. புதிய தொட்டிகளில் பழுப்பு நிறமாகப் படியும் டயாட்டம், அதாவது சிலிக்கா ஓடு கொண்ட ஒற்றைச் செல் பாசி, இதற்கு உகந்த உணவு. கூட்டமாக வாழும் இயல்புடையதால், ஆறுக்குக் குறையாமல் வளர்த்தால்தான் இதன் நடத்தை முழுமையாக வெளிப்படும். இதன் நலத்தை வயிற்றைக் கொண்டே அறியலாம்: உருண்ட வயிறு நல்ல மேய்ச்சலையும், ஒட்டிய வயிறு பட்டினியையும் காட்டும். ஆற்றில் பிடிக்கப்பட்டு நெடுந்தொலைவு வரும் இம்மீன்கள் பெரும்பாலும் பசியோடே கடையை அடைவதால், பளபளவென்று துடைத்த புதுத் தொட்டி அவற்றுக்கு வெறும் பாலைநிலம். ஆகவே அனுபவமுள்ளோர் தொட்டி சில மாதங்கள் முதிர்ந்தபின்னரே இவற்றை விடுவதும், முன்பக்கக் கண்ணாடியை மட்டும் துடைத்துப் பின்பக்கத்தை மேய்ச்சலுக்கு ஒதுக்குவதும், குறைபடும்போது வேகவைத்த வெள்ளரித் துண்டை இடுவதும் உண்டு.

தென்கிழக்கு ஆசியாவின் சயாமியப் பாசியுண்ணியின் அழகு வேறு வகையானது. கெண்டை இனத்தைச் சார்ந்த இது ஒட்டிக்கொள்வதில்லை. துடுப்புகளை ஊன்றி இலைமேல் சாய்ந்திருந்து, இடையிடையே விரைந்து மேயும். இலை விளிம்புகளில் கறுப்புத் தாடிபோல் முளைப்பதும் உண்மையில் சிவப்புப் பாசி வகையைச் சேர்ந்ததுமான கருந்தாடிப் பாசியைப் பெரும்பாலான மீன்கள் தொடாதிருக்க, இது தின்னும். இதன் கரும்பட்டை வால்துடுப்பின் முனைவரை ஓடுவது, ஒத்த தோற்றமுள்ள பிற மீன்களிலிருந்து இதைப் பிரித்தறிய உதவும் அடையாளம். வயது ஏறியதும் கடைத்தீவனத்தில் பழகிப் பாசியைப் புறக்கணிப்பதும் இதன் இயல்பே.

பாசியுண்ணிகளைத் தொட்டி அமைப்புக் கலையின் அங்கமாக்கியதில் ஜப்பானின் நீகாட்டாவைச் சேர்ந்த தகாஷி அமானோவுக்குப் (1954–2015) பெரும்பங்கு உண்டு. நீர்த்தாவரம், கல், மரவேர் ஆகியவற்றால் இயற்கை நிலக்காட்சியைத் தொட்டியில் அமைத்த அவர், கரிடினா மல்டிடென்டேட்டா என்னும் இறாலைப் பாசியுண்ணியாகப் பரவலாக்கியதால் அது இன்று அமானோ இறால் என்றே வழங்குகிறது. இழைப்பாசியை இறாலும், டயாட்டம் படலத்தை ஓட்டோசிங்க்ளஸும், கருந்தாடிப் பாசியைச் சயாமியப் பாசியுண்ணியும் பகிர்ந்துகொள்ளும் தொட்டியில், மனிதக் கை படாத ஒழுங்கு நிலவுவதாகத் தோன்றும்.

அந்தத் தோற்றத்துக்குப் பின்னால் வளர்ப்பவரின் கணக்கு இருக்கிறது. நீலப்பச்சைப் பாசி எனப்படுவது உண்மையில் பாக்டீரியா; அதைப் பாசியுண்ணி மீன்கள் பொதுவாக விரும்பி மேய்வதில்லை. விளக்கு நேரத்தைக் குறைப்பதும், தீவனத்தை அளந்திடுவதும், வாரந்தோறும் நீரில் ஒரு பகுதியை மாற்றுவதும் வளர்ப்பவர் கடமைகள். தமிழகக் கடைகளில் பாசி நீக்கும் மீனென்று விரலளவுக் குஞ்சாக விற்கப்படும் சக்கர் மீன், நாற்பது சென்டிமீட்டரையும் தாண்டி வளர்ந்து தொட்டிக்கு அடங்காமற்போக, அதைக் கொண்டுபோய் ஏரியில் விடும் பழக்கத்தால் நம் நீர்நிலைகளில் பெருகி, உள்ளூர் மீன்களுக்கு இடையூறாகவும் மீனவர் வலைகளுக்குச் சேதமாகவும் ஆகியுள்ளது. எவ்வளவு பாசியை ஒரு மீன் நீக்கும் என்று கேட்டு வாங்குவதால் வரும் விளைவு இது. தன் தொட்டி அந்த மீனை அதன் முழு வளர்ச்சிவரை மேய்த்து வாழவைக்குமா என்பதையே நல்ல வளர்ப்பாளர் முதலில் கேட்கிறார். ரசனையும் பொறுப்பும் அந்தக் கேள்வியிலிருந்தே ஒருசேரத் தொடங்குகின்றன.