தராசு முள்ளும் தர்ப்பூசணியும்

திருச்சி காந்தி மார்க்கெட்டில் வெங்காயம் வாங்குகிறீர்கள். விவரமானவர் என்றால் வெங்காயத்துக்கு முன்னால் வெறும் தராசைத் தூக்கச் சொல்லி, முள் நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பீர்கள். எலெக்ட்ரானிக் தராசு என்றால் காலித் தட்டுக்கு ஜீரோ காட்டுகிறதா என்று ஒரு கண். அரைக் கிலோ வெங்காயத்துக்கே இத்தனை உஷார். அதே நீங்கள் சினிமா தியேட்டரில் மட்டும் கேள்வியே கேட்பதில்லை.

நம் படங்களில் கூலிக் கொலையாளி மொட்டை மாடிக்கு வருவான். சூட்கேஸுக்குள் துண்டு துண்டாக ரைஃபிள். மளமளவென்று பூட்டுவான். மேலே ஒரு புத்தம்புது டெலஸ்கோப். குறுக்குக் கோடு மந்திரியின் நெற்றிக்கு வரும். ஒரே குண்டு, மந்திரி காலி!

நடக்காது சார். புதுசாக மாட்டின ஸ்கோப் பார்க்கிற இடம் வேறு, பேரல் பார்க்கிற இடம் வேறு. ஸ்கோப் பேரலுக்கு இரண்டு விரல் மேலே உட்கார்ந்திருக்கிறது. குண்டோ வெளியே வந்த கணத்திலிருந்து புவியீர்ப்பில் இறங்கிக்கொண்டே போகிறது. இரண்டும் குறிப்பிட்ட தூரத்தில் ஒரே புள்ளியில் சந்திக்கும்படி செய்ய வேண்டும். துப்பாக்கிக்காரர்களும் இதை ‘ஜீரோ’ செய்வது என்றுதான் சொல்கிறார்கள். தராசு விஷயமேதான்.

முறை எளிது, பொறுமைதான் வேண்டும். ஒரே புள்ளியைக் குறிவைத்து மூன்று குண்டுகள். ஒற்றைக் குண்டை நம்பக்கூடாது. மூன்றுக்கும் நடு எங்கே என்று பார்க்க வேண்டும். மேல் திருகு உயரத்துக்கு, பக்கத் திருகு இடம் வலத்துக்கு. பல ஸ்கோப்களில் திருகின் ஒரு கிளிக், 100 மீட்டரில் சுமார் 7 மில்லிமீட்டர். குண்டுகள் 7 சென்டிமீட்டர் இடது பக்கம் விழுந்தால் வலது பக்கம் 10 கிளிக். மறுபடி மூன்று குண்டுகள். வேறு ரகத் தோட்டாவுக்கு மாறினால் இன்னொரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது.

இதை மதித்து எடுத்த படம் ஃப்ரெட் ஜின்னமனின் ‘தி டே ஆஃப் தி ஜக்கால்’ (1973). ஃப்ரெட்ரிக் ஃபோர்சைத்தின் 1971 நாவல். பிரெஞ்சு அதிபர் டி கோலைச் சுட வந்த எட்வர்ட் ஃபாக்ஸ் காட்டில் ஒரு தர்ப்பூசணியைத் தொங்கவிடுகிறார். சுடுகிறார். தள்ளிப் படுகிறது. ஸ்கோப்பைத் திருகுகிறார். மறுபடி சுடுகிறார். கடைசியில் வெடிக்கிற தோட்டா. பழம் சிதறுகிறது, நமக்கு வயிற்றைக் கலக்குகிறது.

டி கோல் 1970-ல் வீட்டில் இயற்கையாக இறந்தவர். அதாவது, கொலை நடக்கப்போவதில்லை என்று தெரிந்தேதான் படம் பார்க்கிறோம். இருந்தும் பதறுகிறோமே, காரணம் அந்தத் தர்ப்பூசணி. இவ்வளவு கவனமானவன் தவற மாட்டான் என்று நம்பவைத்துவிடுகிறது. கடைசியில் குறி தப்புவதும் ஸ்கோப்பால் அல்ல. பதக்கம் குத்திவிட்டு முத்தமிட டி கோல் குனிந்துவிடுகிறார்!

ஒரு குறை சொல்லலாம். ஜீரோ செய்த ரைஃபிளைக் கழற்றி, குழாய்களுக்குள் ஒளித்து, மறுபடி பூட்டுகிறார். ஸ்கோப் மயிரிழை பிசகாமல் பழைய இடத்தில் உட்காருமா? கொஞ்சம் சந்தேகம்தான். மன்னித்துவிடலாம்.

நம் டைரக்டர்களை மன்னிப்பதுதான் கஷ்டம். 1966 முதல் துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கிற ஊர் திருச்சி. விஷயம் தெரிந்தவர்களுக்கா பஞ்சம்? அடுத்த படத்தில் முதல் குண்டு தவறட்டும். அப்போதுதான் இரண்டாவது குண்டுக்கு நாங்கள் பயப்படுவோம்.