செத்தவர் கேட்கும் கணக்கு

சங்கரன்கோவிலில் கோமதியம்மனுக்கு வெள்ளியில் செய்த பாம்பையும் தேளையும் காணிக்கையாகப் போடுவார்கள். வீட்டுக்குள் நல்லபாம்பு வந்துவிட்டால், வயற்காட்டில் விஷக்கடி பட்டுப் பிழைத்தால் நேர்ந்துகொள்கிற கடன் அது. எதைக் கண்டு உடம்பு நடுங்கியதோ அதன் உருவத்தையே கையில் வாங்கி, அம்மனிடம் ஒப்படைத்து, புற்றுமண்ணைப் பூசிக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். பேய் பிடித்ததாக நம்பப்படுகிறவர்களை அம்மன் சந்நிதிக்கு முன்னுள்ள சக்கரக் குழியில் உட்காரவைக்கும் வழக்கமும் உண்டு. அதே கோயிலில் பூலித்தேவர் அறை என்று ஓர் இடத்தைக் காட்டுவார்கள். நெற்கட்டும்செவல் பாளையக்காரரான பூலித்தேவரைப் பிடித்துக்கொண்டு போகும் வழியில், சாமி கும்பிட வேண்டும் என்று கேட்டு உள்ளே போனவர் சோதியில் கலந்து மறைந்தார் என்பது ஊர்க்கதை. உடல் கிடைக்காத சாவு இருநூற்றைம்பது ஆண்டுகளாகப் பேசித் தீரவில்லை.

இந்த வட்டாரத்தில் நின்றுகொண்டு, மனிதர்கள் ஏன் பேய்ப்படத்துக்குக் காசு கொடுக்கிறார்கள், கொலைவழக்குத் தொடர்களை ஏன் விடிய விடியப் பார்க்கிறார்கள் என்று கேட்டால், உளவியல் நூல்கள் தருவதைவிடக் கொஞ்சம் வேறு மாதிரியான விடை கிடைக்கிறது. நூல்கள் சொல்வதை முதலில் பார்த்துவிடலாம்.

அமெரிக்க உளவியலாளர் பால் ரோசின், மனிதர்கள் மிளகாயை ஏன் விரும்பித் தின்கிறார்கள் என்று ஆராய்ந்தவர். நாக்கு எரிகிறது, கண்ணில் நீர் வருகிறது, உடம்பு ஆபத்து என்று அலறுகிறது. ஆபத்து ஏதுமில்லை என்று மனத்துக்குத் தெரியும். இந்த இடைவெளியில்தான் இன்பம் பிறக்கிறது என்றார் அவர். பேய்ப்படத்துக்கும் இதே கணக்குத்தான். டென்மார்க்கின் ஆர்ஹூஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழு ஒன்று, காசு கொடுத்துப் பயப்படப் போகும் 'பேய்வீடு' ஒன்றில் 110 பேருக்கு இதயத்துடிப்பை அளக்கும் கருவியை மாட்டிவிட்டது. 2020-இல் வெளியான அந்த ஆய்வின்படி, மிகக் குறைவாகப் பயந்தவர்களும் மிக அதிகமாகப் பயந்தவர்களும் அவ்வளவாக ரசிக்கவில்லை. நடுவில் நின்றவர்களே ரசித்தார்கள். அதே வட்டத்து ஆய்வாளர்கள் 2021-இல் சொன்னது இன்னும் சுவையானது. கொரோனா முடக்கத்தின் தொடக்கத்தில் 310 பேரைக் கேட்டதில், திகில்பட ரசிகர்கள் மற்றவர்களைவிட மனம் குலையாமல் இருந்தார்களாம். படம் பார்த்ததால் திடமானார்களா, திடமானவர்கள்தான் அத்தகைய படங்களைத் தேடிப் போகிறார்களா என்பதை அந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது.

உண்மைக் குற்றக் கதைகளைப் பற்றிப் பெரிதும் எடுத்துக்காட்டப்படுவது அமாண்டா விகாரியும் கிறிஸ் ஃப்ரேலியும் 2010-இல் எழுதிய கட்டுரை. போர்க்கதை ஒருபுறம், கொலைக்கதை ஒருபுறம் வைத்து எது வேண்டும் என்று கேட்டால், பெண்கள் கொலைக்கதையையே அதிகம் எடுக்கிறார்கள். அதிலும் தப்பித்த விதமும் கொலைகாரன் மனம் போன போக்கும் சொல்லப்பட்டிருந்தால் நாட்டம் கூடுகிறது. தற்காப்புக்கான பாடமாகவே வாசிக்கிறார்கள் என்பது அவர்களுடைய முடிவு. நம் ஊர்ப் பெண்களுக்கு இது புதிய செய்தி அல்ல. நகைக்காக மனைவியைக் கொன்றவனை அடுத்த பிறவியில் துரத்தி வந்து, கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, பழையனூர்ச் சபையில் வழக்குப் பேசி வென்ற நீலியின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள்தாம் அவர்கள். அவனுக்குப் பிணை நின்ற எழுபது வேளாளரும் சொன்ன சொல்லுக்காகத் தீப்பாய்ந்தார்கள். அது பேய்க்கதையா, நீதிமன்றக் கதையா?

இரண்டும்தான். என் வாதமும் அங்கேதான் தொடங்குகிறது.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், அச்சம் பிறக்கும் இடம் நான்கு என்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், தலைக்கு மேல் அதிகாரத்தோடு இருப்பவர்கள். இந்த நான்கு அறைகளுக்குள் இன்றைய ஓடிடி தளம் ஒன்றை அப்படியே பிரித்து அடுக்கிவிடலாம். நான்காவதைத்தான் நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். கோயம்புத்தூர் ஆட்டோ ஓட்டுநரான மு. சந்திரகுமார் தான் பட்ட சித்திரவதையை வைத்து எழுதிய 'லாக்கப்' நாவலிலிருந்து வெற்றிமாறன் எடுத்த 'விசாரணை', எந்தப் பேய்ப்படத்தையும்விட வயிற்றைக் கலக்கும். 2020 ஜூனில் சாத்தான்குளத்தைச் சேர்ந்த அப்பாவும் மகனும் காவலில் இறந்தபோது தென்மாவட்டக் கடைவீதிகளில் பரவியதும் அந்தப் பழைய நான்காம் அச்சமே.

அணங்குக்கு, அதாவது பேய்க்கும் தெய்வத்துக்கும், வருவோம். நெல்லை, தென்காசி, தூத்துக்குடி, குமரி மாவட்டங்களில் ஊருக்கு ஊர் பீடமாக நிற்கும் தெய்வங்களில் பல, வெட்டுப்பட்டோ தூக்கில் தொங்கியோ கிணற்றில் விழுந்தோ செத்தவர்கள். துர்மரணம் அடைந்தவர் சும்மா இருக்க மாட்டார். அவருக்குப் பீடம் போட்டு, ஆண்டுக்கொரு கொடை கொடுத்து, அவர் கதையை வில்லுப்பாட்டாகப் பாடிக் கேட்பிக்க வேண்டும். நாங்குநேரிக்காரரான நா. வானமாமலை தொகுத்துப் பதிப்பித்த கதைப்பாடல்களில் முத்துப்பட்டன் கதை இதற்குச் சரியான சான்று. பிராமணனாகப் பிறந்து, சக்கிலியர் குலத்துப் பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் மணந்து, மாட்டுக் கள்ளரோடு மோதிச் செத்தவன் பட்டன். காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் இன்றும் பட்டவராயனாக நிற்கிறான்; அவனுக்கு நேர்த்திக்கடனாகச் செருப்புக் கட்டுகிறார்கள். நெல்லை ஆய்வுக் குழுவைக் கூட்டி வானமாமலை அழுத்திச் சொன்னது, இந்தக் கதைகளில் சாவுக்குக் காரணம் பெரும்பாலும் சாதி மீறிய காதல் அல்லது நிலத்துத் தகராறு என்பதை.

ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் என்ற அமெரிக்க ஆய்வாளர் தெற்கே வந்து தங்கி வில்லுப்பாட்டை ஆராய்ந்து 1988-இல் ஒரு நூல் வெளியிட்டார். இந்தத் துறையில் எனக்குத் தெரிந்து மிகக் கூர்மையான கவனிப்பு அதில்தான் இருக்கிறது. கதையில் எந்தக் கட்டத்தில் சாமி இறங்குகிறது? பிறப்பில் அல்ல, வீரத்தில் அல்ல; கொலை நடக்கும் கட்டத்தில். குடமும் உடுக்கையும் வேகமெடுத்து, புலவர் வெட்டு விழும் இடத்துக்கு வரும்போதுதான் சாமியாடி எழுந்து ஆடுகிறார். கூட்டம் உச்சமாகக் கூடுவதும் அப்போதே. சுடலைமாடன் கோயில்களில் நள்ளிரவில் தீப்பந்தத்தோடு சாமி சுடுகாட்டுக்கு வேட்டைக்குப் போகும்போது எதிரே யாரும் வரக்கூடாது என்று கதவைச் சாத்திக்கொள்வார்கள்; சாத்திய கதவின் இடுக்கு வழியாகப் பார்க்காத பிள்ளை எந்த ஊரிலும் இருந்திருக்காது. பார்க்கக்கூடாது என்பதும் பார்த்தே ஆகவேண்டும் என்பதும் ஒரே நேரத்தில் வேலை செய்கிற அந்த இடம்தான் திகில்படத்தின் இருக்கை.

தமிழ்ப் பேய்ப்படங்களை இந்தக் கண்ணோடு பார்த்தால் ஒன்று துலங்கும். 'சந்திரமுகி'யில் (2005) அரசனால் காதலனை இழந்து எரிக்கப்பட்டவள். 'முனி'யில் (2007) அரசியல்வாதியால் ஏமாற்றிக் கொல்லப்பட்டவர். 'காஞ்சனா'வில் (2011) நிலத்துக்காகக் கொல்லப்பட்ட திருநங்கை. 'அரண்மனை'யில் (2014) மறுபடியும் கொல்லப்பட்ட ஒரு பெண். சிரிப்பு, குத்துப்பாட்டு, மந்திரவாதி எல்லாவற்றையும் உரித்துவிட்டுப் பார்த்தால் மிஞ்சுவது, போலீஸ் பதிவு செய்யாத ஒரு கொலைவழக்கு. துப்புத் துலக்குவது செத்தவரே. இடைவேளைக்குப் பின் வரும் முன்கதைதான் வில்லுப்பாட்டின் வெட்டுக் கட்டம். அதன்பிறகு பேயைக் கண்டு பயந்துகொண்டிருந்த அரங்கம் பேயின் பக்கம் சேர்ந்துகொள்கிறது. ஃப்ரீட்கினின் 'எக்ஸார்சிஸ்ட்' (1973) படத்தில் சாத்தானுக்குக் குறை ஏதும் கிடையாது. அவன் தீமை, அவ்வளவே. ஹிடியோ நகாட்டாவின் 'ரிங்கு'வில் (1998) கிணற்றில் கிடந்த எலும்பை எடுத்து மரியாதை செய்தபிறகும் சாபம் தீர்வதில்லை. ஜப்பானியத் திகிலின் கொடூரம் அது. நம்முடைய பேய் கணக்கு நேரானால் போய்விடும். இந்த நியாய உணர்ச்சிதான் குடும்பத்தோடு, குழந்தை குட்டியோடு பேய்ப்படத்துக்குப் போகவைக்கிறது என்று நினைக்கிறேன்.

இந்த வழக்கத்தை மீறியவர்களும் உண்டு. திருநெல்வேலிக்காரரான புதுமைப்பித்தன் 1943-இல் எழுதிய 'காஞ்சனை'யில் வீட்டுக்கு வேலைக்காரியாக வந்தவள் யார், ஏன் வந்தாள், என்ன கேட்கிறாள் என்பதற்கு விடை கிடையாது. கணக்கே காட்டாத பேய் அது. ('காஞ்சனா' படத்தோடு அதற்குப் பெயர் ஒற்றுமை தவிர வேறு உறவில்லை.) மிஷ்கினின் 'பிசாசு' (2014) இன்னொரு பக்கம் திரும்புகிறது: பிசாசான பெண்ணைக் கொன்றவனைத் தேடி அலையும் நாயகன் கடைசியில் கண்டுபிடிப்பது தன்னையே, பிசாசுக்கு அது முதலிலேயே தெரியும், தெரிந்தும் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. கணக்கைத் தள்ளுபடி செய்கிற பேயைத் தமிழ் சினிமா அதற்கு முன் கண்டதாக எனக்கு நினைவில்லை.

இனி கள்வர் அறை. உண்மைக் குற்றக் கதைக்குத் தமிழில் ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட சந்தை உண்டு. சாணித்தாளில் அச்சடித்து, ரயிலிலும் சந்தையிலும் பாடி விற்கப்பட்ட கொலைச்சிந்துகளைப் படித்தவர்கள் மதிக்கவில்லை, ஆ. இரா. வேங்கடாசலபதி 'முச்சந்தி இலக்கியம்' எழுதிய பிறகுதான் இந்தக் குஜிலிக் கடைப் பதிப்புகளுக்கு ஆய்வு மரியாதை வந்தது. நெல்லைச் சீமையில் 1920-களில் போலீசார் சுட்டுக் கொன்ற கொள்ளைக்காரர் செம்புலிங்கத்தைப் பற்றி நாட்டுப்பாடல்களும் வந்தன. டோனாவூரிலிருந்த ஏமி கார்மைக்கேல் ஆங்கிலத்தில் ஒரு நூலும் எழுதினார். 1942-இல் மதுரையில் தினத்தந்தியைத் தொடங்கிய சி. பா. ஆதித்தனார் குற்றச் செய்தியை எழுத்துக்கூட்டிப் படிக்கிறவனுக்கும் புரியும் மொழியில் கொண்டுவந்தார். டீக்கடை முன்னால் தொங்கும் மாலைப் பத்திரிகைச் சுவரொட்டி அந்த மரபின் ஒற்றை வரிச் சுருக்கம்.

ஆனால் இந்த அறையில் கவனம் போகும் திசை வேறு. 1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் குத்தப்பட்டு மறுநாள் இறந்த லட்சுமிகாந்தன், நடிகர்களின் அந்தரங்கத்தை 'இந்து நேசன்' பத்திரிகையில் எழுதி விற்றவர். அவருக்காக அழுதவர் யாரும் பேச்சில் வருவதில்லை. தமிழ்நாடு அழுதது, தண்டனை பெற்ற தியாகராஜ பாகவதருக்காகவும் என். எஸ். கிருஷ்ணனுக்காகவும், 1947-இல் விடுதலையாகி வந்தும் பாகவதரின் சந்தை திரும்பவில்லை என்பதையே இன்றுவரை சோகக்கதையாகச் சொல்கிறோம். 1952-இல் இந்தோ-சிலோன் எக்ஸ்பிரஸில் தகரப்பெட்டிக்குள் வந்து மானாமதுரையில் இறக்கப்பட்ட தலையில்லாத உடல், ராயபுரம் கடற்கரையில் ஒதுங்கிய தலை: ஆளவந்தார் கொலை வழக்கில் உயர் நீதிமன்ற வாசலில் கூடிய கூட்டத்தின் அனுதாபமும் குற்றம் சாட்டப்பட்ட தம்பதி பக்கம்தான் இருந்தது. எழுத்தாளருமான நீதிபதி ஏ. எஸ். பி. ஐயர் ஏழாண்டும் மூன்றாண்டுமாகக் குறைந்த தண்டனையே கொடுத்தார். ஆட்டோ சங்கர் என்றால் பெயர் தெரியும், வீரப்பன் என்றால் மீசை தெரியும். அவர்களால் செத்தவர்களில் ஒரு பெயரைச் சொல்லச் சொன்னால், தொடரை முழுக்கப் பார்த்தவர்களும் தடுமாறுவார்கள்.

ஆகவே 'திகிலும் குற்றமும் ஏன் ஈர்க்கின்றன' என்ற கேள்வியைச் சேர்த்துக் கேட்பதே பிசகு. பேய்க்கதையில் நாம் செத்தவர் பக்கம் உட்கார்கிறோம். குற்றக் கதையில் கொன்றவன் மண்டைக்குள் எட்டிப் பார்க்கிறோம். முன்னது நியாயப் பசி, பின்னது ஆர்வம். பின்னதைக் கேவலம் என்று நான் சொல்லவில்லை. கொலைகாரன் நம்மைப்போல் டீ குடிக்கிறவன் என்று தெரிந்துகொள்வதிலும் ஓர் அறிவு இருக்கிறது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு, அதைச் செத்தவர் வீட்டார் கொடுக்கிறார்கள். 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் நடந்த ஆணவக்கொலையின் சிசிடிவிப் பதிவை எத்தனையோ பேர் கைப்பேசியில் பார்த்தார்கள். வில்லுப்பாட்டுக் கதைகளில் வரும், சாதி மீறிய காதல் என்ற அதே காரணத்துக்கான கொலை அது. அந்தச் சாவுகளுக்குப் பீடம் எழுந்தது. இது அடுத்த வீடியோவுக்கு முன் முப்பது விநாடி.

சட்டம் இதில் ஓரளவுதான் பேசும். ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை வெளியிட விடாமல் தடுத்த அதிகாரிகளுக்கு எதிராக நக்கீரன் இதழ் தொடுத்த வழக்கில், 1994 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இன்றைய ஒவ்வொரு குற்றத் தொடருக்கும் அடித்தளம்: பொது ஆவணத்தில் உள்ளதை யாருடைய சம்மதமும் இல்லாமல் எழுதலாம், அதிகாரிகள் முன்கூட்டித் தடுக்க முடியாது. பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் போன்றோரின் பெயரை ஆவணத்தில் இருந்தாலும் வெளியிடக்கூடாது என்று ஒரு விலக்கையும் அதே தீர்ப்பு வைத்தது. பத்திரிகைச் சுதந்திரத்துக்கு அது பெரிய வெற்றி, மாற்றுக் கருத்தில்லை. ஆனால் எழுதலாம் என்பதும் எப்படி எழுதலாம் என்பதும் வேறு வேறு. வில்லுக்காரருக்கு இந்தச் சுதந்திரம் கிடையாது: கொலையுண்டவரின் வம்சத்தார்தான் பல ஊர்களில் கொடை நடத்துகிறார்கள், முன்வரிசையில் அவர்கள்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு சொல் பிசகினால் அங்கேயே எழுந்து கேட்பார்கள். யூடியூபில் கொலைவழக்கு சொல்கிறவர் முன்னால் யாரும் உட்கார்ந்திருப்பதில்லை.

இரண்டு அறைகளுக்கும் நடுச்சுவரை இடித்த படமும் நம்மிடம் இருக்கிறது. 1993-இல் கம்மாபுரம் காவல் நிலையத்தில் நடந்த கொலையிலிருந்து எடுக்கப்பட்ட 'ஜெய் பீம்' (2021), பேயில்லாத பேய்ப்படம். காணாமல்போன கணவனுக்குக் கணக்குக் கேட்டு வாசல் வாசலாக அலைகிற மனைவிதான் அதன் மையம். வழக்கறிஞர் பாத்திரத்தைப் பெரிய நடிகர் ஏற்றிருந்தும் பார்த்தவர்கள் மனத்தில் நிற்பது அவள்தான். குற்றத் தொடர் எடுக்கிறவர்கள் பின்பற்ற வேண்டிய வழி இது என்பது என் துணிபு.

வாசகர்களுக்கு ஒரு யோசனை. சித்திரையிலும் ஆடியிலும் சங்கரன்கோவில் சுற்றுவட்டாரத்திலும் தாமிரபரணிக் கரை ஊர்களிலும் கொடைகள் நடக்கின்றன. வில்லுப்பாட்டு இரவு பத்துக்கு மேல்தான் சூடுபிடிக்கும், வெட்டுக் கட்டம் நடுச்சாமத்தை ஒட்டி வரும். அதற்கு முன் கிளம்பிவிடாதீர்கள். பாயும் தண்ணீரும் கொண்டு போனால் போதும், அனுமதிச் சீட்டு கிடையாது.